“நிலநடுக்கத்தைத் தாங்கும் மண் வீடு” கட்டித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

மண்ணால் வீடு கட்ட வேண்டும் என்பது எனக்குப் பல ஆண்டு ஆசை. சூளையில் சுடாத கல், குறைந்த சிமென்ட், வெயிலைச் சுவரிலேயே தேக்கி வைத்து அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் தன்மை என்று அதன் சிறப்புகளை நான் நன்றாக அறிவேன். இன்றும் அவற்றில் எனக்கு ஐயமில்லை. என்னை ஏமாற்றியது மண் அன்று. மண்ணின் பெயரைச் சொல்லி வேலையில் பாதியை விழுங்கிய ஓர் ஒப்பந்தக்காரர்தான் ஏமாற்றினார். இதே ஆசையோடு இருப்பவர்கள் என் இடத்தில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் அவர் குஜராத்தின் கச்சு வட்டாரத்துப் ‘புங்கா’ (bhunga) எனப்படும் வட்ட மண் வீடுகளின் படங்களைக் காட்டினார். 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அவற்றுள் பெரும்பாலானவை அதிகச் சேதமின்றி நின்றன என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வீடுகள் நின்றதற்கு முதன்மையான காரணம் அவற்றின் வட்ட வடிவம் என்பதையும், எனக்கு அவர் வரைந்து கொடுத்தது 24 அடி நீளத்துக்குக் குறுக்குச் சுவரே இல்லாத ஒரு நீள்சதுரம் என்பதையும் அப்போது நான் இணைத்துப் பார்க்கவில்லை. “சார், பூமி ஆடினாலும் இது ஆடாது, வெள்ளம் வந்தாலும் கரையாது” என்றார். நான் நம்பினேன். ஒப்பந்தத்தில் சுவரைப் பற்றி இருந்தவை “நிலைப்படுத்திய மண்கல் சுவர்”, அதாவது சிமென்ட் கலந்து இறுக வைத்த மண்கல் சுவர், என்ற சில சொற்கள் மட்டுமே. சிமென்ட் எத்தனை விழுக்காடு, கல் எத்தனை நாள் நனைக்கப்பட வேண்டும், கம்பி எங்கெங்கே ஓட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்திட்டவன் நான் என்பதால் அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

வேலை தொடங்கியதும் கடைக்கால் தோண்டிய மண்ணை அப்படியே குவித்துக் கல் அறுக்கத் தொடங்கினார்கள். மேல்மண்ணில் மட்கிய இலையும் வேரும் கலந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சிமென்ட் சேர்த்து அழுத்தும் கல்லுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு சிறுகல், 50 விழுக்காடு மணல், 15 விழுக்காடு வண்டல், 20 விழுக்காடு களிமண் என்ற கலவை பொருத்தமானது; களி மிகுந்த மண்ணாக இருந்தால் சிமென்டைவிடச் சுண்ணாம்பே நன்றாகப் பிடிக்கும். இதை அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் போட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் படிவதும், அதன்மேல் வண்டலும், நெடுநேரம் கழித்துக் களியும் அடுக்கடுக்காக அமர்வதும் கண்ணுக்கே தெரியும். அந்தப் புட்டியை என் மனையில் யாரும் வைக்கவில்லை. அழுத்திய கற்களை ஈரம் காயாமல் நான்கு வாரம் மூடி நனைத்து வைக்க வேண்டியிருக்க, ஐந்தாம் நாளே சுவரில் ஏற்றினார்கள். கேட்டதற்கு, “வெயில்ல நல்லா காஞ்சிருச்சு சார்” என்றார் மேஸ்திரி. சிமென்ட் கலந்த கல்லுக்குக் காய்தல் வேறு, இறுகுதல் வேறு. ஈரம் இருந்தால்தான் அது இறுகும்.

முதல் பெருமழையில் விடை கிடைத்தது. கூரையின் இறவாரத்தை ஒரு அடிகூட வெளியே நீட்டவில்லை. தூவானம் முழுவதும் சுவரின் அடிப்பகுதியில் அடித்தது. மறைப்பதற்காக வெளிப்புறம் பூசியிருந்த சிமென்ட் பூச்சு மயிரிழையாக வெடித்து, உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அந்தப் பூச்சைத் தட்டிப் பார்த்தபோது ஓட்டை ஒலி கேட்டது. ஒரு பாளத்தைப் பெயர்த்ததும் பின்னால் இருந்த கல் விரலுக்கே வழிந்து வந்தது. மீந்து கிடந்த முழுக் கல் ஒன்றை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க விட்டேன். முதலில் வரிசையாகக் குமிழிகள் எழுந்தன. கால் மணி நேரத்தில் விளிம்புகள் சரிந்தன. அரை மணி நேரத்தில் கல்லின் வடிவமே இல்லை, வாளியின் அடியில் செஞ்சேறு படிந்திருந்தது, மேலே ஒரு விரல் நீளத்துக்குப் புல்வேர் மிதந்தது. முறையாக இறுகிய கல் ஒரு நாள் முழுதும் நீரில் கிடந்தாலும் உருக்குலையாது. ஈரத்தில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வேறொரு பொறியாளரை அழைத்தேன். சன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஓடியிருந்த வெடிப்பைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “லிண்டல் பெல்ட் வீட்டைச் சுற்றி முழுமையாக ஓடுகிறதா?” என்பதுதான். கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில் கம்பி வைத்துச் சுற்றிலும் போடும் கான்கிரீட் பட்டைதான் அது. மூலையைக் கொத்திப் பார்த்தோம். கம்பி இல்லை. வாசலுக்கும் சன்னல்களுக்கும் மேலே மட்டும் துண்டு துண்டாகக் கான்கிரீட் போட்டு, இடைப்பட்ட இடங்களை மண்ணால் நிரப்பிப் பூசியிருந்தார்கள். நிலம் ஆடும்போது மண் சுவர் முதலில் மூலையில் பிரிந்து, பிறகு வெளிப்பக்கமாகச் சாயும். அப்படிப் பிரிய விடாமல் நான்கு சுவர்களையும் ஒரே பெட்டியாகக் கட்டி வைப்பது அந்தப் பெல்ட்தான். எனக்கு விற்கப்பட்ட “நிலநடுக்கத் தாங்குதிறன்” எதில் இருக்க வேண்டுமோ, அது அங்கே இல்லவே இல்லை. மண் கட்டடங்களுக்கென்றே 1993இல் வெளியான ஐஎஸ் 13827 என்ற இந்தியத் தரநிலை, இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு இடைப்பட்ட நீளம் சுவர்த் தடிமனின் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்றும், கதவு, சன்னல் திறப்புகளின் மொத்த அகலம் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்றரை அடித் தடிமனுள்ள என் சுவருக்கு எல்லை 15 அடி, கட்டியிருந்தது 24. திறப்புகளோ சுவர் நீளத்தில் பாதிக்கு மேல். ஈரானின் பாம் நகரில் 2003 டிசம்பர் 26 அன்று இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிணைப்பற்ற, சுடாத மண்கல் சுவர்களும் கனத்த கூரைகளும் பெருங்காரணம் என்று அந்தப் பொறியாளர் நினைவூட்டியபோது, என் பிள்ளைகள் அந்தச் சுவரோரம் படுத்து உறங்கிய இரவுகளை எண்ணி உடல் நடுங்கியது.

ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “மண் வீடுன்னா மழைக்குக் கொஞ்சம் கரையத்தான் சார் செய்யும்” என்றார். எனக்குப் பண இழப்பைவிட அந்தச் சொல்தான் இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் என் வீட்டைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அனைவரும் இனி மண்ணால் கட்ட மாட்டோம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு சுவர்களை முழுதாக இடித்தோம். இறவாரத்தை நீட்டி, அடித்தளத்தை உயர்த்தி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி, சுற்றிலும் பெல்ட் போட்டு, சுண்ணாம்புப் பூச்சுக்கு மாறினோம். முதலில் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் மீண்டும் செலவாயிற்று. கடைசித் தவணையையும் முன்பே கொடுத்துவிட்டதால் அவரிடமிருந்து எதையும் திரும்பப் பெற முடியவில்லை.

அவர் இன்னும் இதே வேலையைச் செய்து வருகிறார். மழைக்கு முன் எடுத்த என் வீட்டின் முகப்புப் படத்தைத்தான் புதியவர்களுக்குக் காட்டுகிறார் என்று அறிந்தேன். உங்களிடமும் ஒருவர் அழகான முகப்புப் படத்தை நீட்டினால், அதே வீட்டில் பூச்சுக்கு முன் மூலையில் பெல்ட் கம்பி வளைந்து திரும்பும் இடத்தின் படத்தைக் கேளுங்கள். அவர் அடுக்கி வைத்திருக்கும் கற்களிலிருந்து உங்கள் கையாலேயே ஒன்றை உருவி எடுத்து, அவர் கண்ணெதிரே ஒரு நாள் முழுதும் வாளி நீரில் போட்டு வையுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.