யாட் கிளப்பா, மரீனாவா, ஆங்கரா: புது துறைமுகத்துல எங்க நிக்கலாம்?

பாய் விரிச்சு ஊர் ஊரா போறவங்களுக்கு ஒரு புது துறைமுகம் நெருங்கும்போது வர்ற முதல் கேள்வி, ராத்திரிக்கு எங்க நிக்கிறதுங்கறதுதான். காசு குடுத்து மரீனாவுக்குள்ள, அதாவது போட் கட்டி நிறுத்தற துறைக்குள்ள போயிடலாம், வெளிய ஆங்கர் (நங்கூரம்) போட்டு கிடக்கலாம், இல்லன்னா அந்த ஊர் யாட் கிளப்ல, அதாவது பாய்மரப் படகுக்காரங்க சங்கத்துல விருந்தாளியா போய் ஒரு மூரிங் (கடலடியில பதிச்ச எடையோட செயின்ல கட்டின மிதவை) கேக்கலாம். நிறைய பேர் முதல் ரெண்டோட நிறுத்திக்கிறாங்க, கிளப்னா பணக்காரங்க கூடுற இடம், நம்மள வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒரு தயக்கம். வெளியூர் போட்டை வரவேற்கிற கிளப் ஒண்ணு இருந்தா நான் அதத்தான் முதல்ல எடுப்பேன், ஆனா எல்லா நேரமும் இல்ல.

மரீனாவோட வசதிய குறைச்சு பேச முடியாது. கரன்ட், பைப் தண்ணி, டீசல், துணி துவைக்க மெஷின், போட்ல இருந்து நேரா நடந்தே கரைக்கு இறங்கிடலாம், கூட வயசானவங்களோ சின்னப் பசங்களோ இருந்தா இதோட அருமை தெரியும். இஞ்சின்ல பெரிய வேலை, போட்டை தண்ணிய விட்டு வெளிய தூக்கணும்னா யோசிக்கவே வேண்டாம், தூக்குற லிஃப்ட் இருக்கற மரீனாதான். ஆனா கட்டணம் போட்டோட நீளத்த வச்சு ஏறும், ரெண்டு உடம்பு இருக்கற கேட்டமரான்னா பல இடத்துல ஒன்றரை மடங்கு. பெர்த்துல (மரீனால நமக்கு ஒதுக்கற இடம்) கட்டிட்டா போட் காத்துப் பக்கம் திரும்பாது, ஹேட்சை (மேல்தள மூடிக்கதவு) திறந்து வச்சாலும் உள்ள புழுக்கம்தான். அப்புறம் அதிகம் பேர் கவனிக்காத ஒண்ணு, கரை கரன்ட்டை சொருகினதும் எர்த் வயர் வழியா நம்ம போட்டும் பக்கத்து போட்டும் இணைஞ்சிடுது, அந்த வழியா ஓடுற சின்ன கரன்ட்டை தடுக்கற கேல்வானிக் ஐசொலேட்டர் இல்லன்னா, மத்த உலோகம் அரிக்காம இருக்க தான் கரையற நம்ம ஜிங்க் ஆனோடு வேகமா கரைஞ்சிடும், அது தீந்துட்டா அடுத்து ப்ரொப்பெல்லருக்குத்தான் ஆபத்து.

ஆங்கர் பெரும்பாலும் இலவசம், காத்தும் நல்லா வரும், விடியக்காலைல யாரையும் கேக்காம கிளம்பிடலாம். ராத்திரி தெரியாத இடத்துல வந்து சேந்தா எனக்கு இதுதான் பிடிக்கும், இருட்டுல குறுகலான மரீனாவுக்குள்ள நுழையறதை விட வெளிய விசாலமா நிக்கிறது மேல். கணக்கு மட்டும் ஒழுங்கா போடணும்: தண்ணி 5 மீட்டர், போட் முனை உயரம் 1 மீட்டர், இனி ஏறப்போற ஓதம் 2 மீட்டர், ஆக 8, முழுக்க செயின்னா அதுல 5 மடங்கு 40 மீட்டர் விடணும், கயிறு கலந்ததுன்னா 7 மடங்கு, 56 மீட்டர். இவ்ளோ விட்டா போட் பெரிய வட்டம் அடிக்கும், அதனால மூரிங்ல கட்டின போட்டுங்க நடுவுல போய் ஆங்கர் போடவே கூடாது, அதுங்க சின்ன வட்டத்துல சுத்தும், நாம போய் இடிப்போம். காத்து ஏறுற நாள்ல போட்டை விட்டுட்டு கரைக்கு போகவும் மனசு வராது.

இப்ப கிளப். மூரிங்கையோ குளியலறையையோ விட அங்க பெரிய விஷயம் மனுஷங்கதான். அந்தத் தண்ணிலயே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க, சார்ட்ல இல்லாத மணல்திட்டு எங்க நகந்திருக்கு, வாய்க்கால்ல எப்ப நீரோட்டம் திரும்பும், எந்த மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வருவார், இதெல்லாம் சும்மா பேசிட்டு இருக்கும்போதே வந்துடும். மரீனா ஆபீஸ்ல இருக்கறவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ஆங்கர்ல கிடந்தா கேக்கவே ஆள் கிடையாது. உறுப்பினர் ஒருத்தர் பயணம் போயிருந்தா அவரோட காலி இடத்தை நமக்கு குடுக்கற கிளப்பும் இருக்கு. யாட் கிளப்புங்கறதே இன்னிக்கு நேத்து வந்ததில்ல, உலகத்துலயே பழைய யாட் கிளப்னு சொல்ற அயர்லாந்தோட ராயல் கார்க் 1720ல ஆரம்பிச்சது, ஒரு கிளப் உறுப்பினரை இன்னொரு கிளப் விருந்தாளியா ஏத்துக்கற ரெசிப்ரோக்கல் ஏற்பாடு இப்ப பல நாட்டுலயும் நடக்குது. கிளம்பும்போது ரெண்டு கிளப்பும் பர்கீ கொடிய, அதாவது கிளப்போட அடையாளக் கொடிய மாத்திக்கறதும் உண்டு, கிளப் சுவத்துல தொங்குற வெளியூர் பர்கீங்கள பாத்தாலே அவங்க எவ்ளோ பேரை வரவேற்றிருக்காங்கன்னு புரியும்.

ஆனா கிளப்புக்கு முன்கூட்டியே எழுதணும் இல்ல போன் பண்ணணும். பதில்ல உங்க போட் நீளம் என்ன, டிராஃப்ட் (தண்ணிக்குள்ள போட் எவ்ளோ ஆழம் இறங்குது) என்ன, எப்ப வர்றீங்கன்னு கேட்டாங்கன்னா நிஜமாவே வரவேற்கிறாங்கன்னு அர்த்தம். நிறைய கிளப் சின்ன போட்டுங்களுக்காக உருவானது, ஓதம் இறங்கினா ஜெட்டி பக்கம் ஆழம் போதாம போகும், அதை நாமளே கேட்டுக்கணும். மூரிங் எத்தனை டன் தாங்கும், கடைசியா எப்ப செக் பண்ணாங்கன்னு கேக்கறதுல கூச்சமே வேண்டாம், மேல மிதவை பளபளன்னு இருக்கும், கீழ செயின் தேஞ்சு போயிருக்கும். தண்ணி தெளிவா இருந்தா முங்கி பாத்துடறது நல்லது. கட்டும்போது ரெண்டு தனித்தனி கயிறு போடுங்க, ஒரே கயிறை வளையத்துல விட்டு திருப்பி கட்டினா அது ராத்திரி முழுக்க உரசி அறுந்துடும். அங்க வேலை பாக்கறவங்க பல பேர் சம்பளம் வாங்காத உறுப்பினர்ங்க, அதனால நள்ளிரவுல வந்து விஎச்எஃப் ரேடியோல கூப்பிட்டா பதில் வராது, ரேஸ் நாள்ல ஸ்டார்ட் லைன் பக்கம் நின்னா கோவமும் வரும், அது நியாயமான கோவம்.

வேற நாட்டுல இருந்து வர்றீங்கன்னா இந்த மூணுக்கும் முன்னாடி நாட்டுக்குள்ள நுழைய அனுமதி கேக்கற மஞ்சள் கியூ கொடிய ஏத்திட்டு அதிகாரப்பூர்வ நுழைவு துறைமுகத்துக்குத்தான் போகணும், அங்க அதிகாரிங்க குடுக்கற கிளியரன்ஸ் முடியாம கிளப் எவ்ளோ அன்பா கூப்பிட்டாலும் அங்க இறங்க முடியாது. அதனால என் வரிசை இப்படி: ரிப்பேர்னா மரீனா, ராத்திரி வருகைனா ஆங்கர், மத்தபடி முதல் ரெண்டு நாள் கிளப், இடம் பழகினதும் திரும்ப ஆங்கர்.

நமக்கு சொந்த கிளப்பே இல்லையேன்னு கேக்கறவங்களுக்கு, 1954ல ஆரம்பிச்ச ஓஷன் க்ரூசிங் கிளப் இருக்கு, அதுக்கு கட்டடம் கிடையாது, உலகம் முழுக்க துறைமுகங்கள்ல உதவற அதோட போர்ட் ஆபீசர்ங்க இருக்காங்க, ஆனா முழு உறுப்பினராக நிக்காம 1000 கடல் மைல் ஓட்டியிருக்கணும். 1952ல தொடங்கின செவன் சீஸ் க்ரூசிங் அசோசியேஷனும் போட்லயே வாழறவங்களுக்கானதுதான். எதுலயும் இல்லன்னாலும் எழுதி கேட்டுப் பாருங்க, உறுப்பினர் அட்டை கேக்காமலே இடம் குடுக்கற கிளப் நிறைய உண்டு, அவங்க கேக்கறது பெரும்பாலும் இன்சூரன்ஸ் பேப்பரும், கிளம்பற நேரத்தை முன்னாடியே சொல்றதும்தான்.