லாவோஸா, ஜார்ஜியாவா, உஸ்பெகிஸ்தானா: எந்த லீவுக்கு எது?

தாய்லாந்து, மலேசியா, துபாய் மூன்றையும் முடித்துவிட்டு "அடுத்து யாரும் அதிகம் போகாத ஊரா சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தகுந்தவை இந்த மூன்று நாடுகள். போட்டோவில் மூன்றும் அழகுதான். போட்டோவைப் பார்த்து நாட்டை முடிவு செய்துவிட்டு அப்புறம் லீவைத் தேடுவதில்தான் சிக்கல். நம் பக்கத்து லீவு ஏற்கெனவே எழுதி வைத்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் ஈரோட்டுப் பக்கத்துத் தறிப்பட்டறைகளும் சேர்ந்தாற்போல் மூடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மே மாதம். முதலில் லீவைப் பாருங்கள், நாடு தானாகத் தேறிவிடும்.

பொங்கலென்றால் லாவோஸ். ஜனவரியில் மழை கிடையாது. லுவாங் பிரபாங்கில் விடியற்காலை ஊட்டிக் குளிரில் பாதி இருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் இதமாக இருக்கும். ஊருக்கு 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள குவாங் சி அருவி அந்தப் பச்சைநீல நிறத்தில் இருப்பதும் இந்த மாதங்களில்தான். மழைக்காலத்தில் போனால் பவானி ஆற்றுச் செந்தண்ணீர் மாதிரிதான் கொட்டும். இதே ஜனவரியில் ஜார்ஜியா போனால், திபிலிசியிலிருந்து காஸ்பெகிக்குப் போகும் சாலை ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்ட வேண்டும். பனிச்சரிவு அபாயம் என்றால் சாலையை மூடிவிடுவார்கள், இரண்டு நாள்கூடத் திறக்காது. ஐந்து நாள் லீவில் அது பாதிப் பயணம்.

மே மாதம் ஜார்ஜியாவுக்கு. அடிவாரம் பச்சை, உச்சியில் பனி, இரண்டும் ஒன்றாகத் தெரியும். துஷேத்தி மலைப்பகுதி மட்டும் கிடைக்காது. அங்கே போகும் வழியான அபானோ கணவாய் ஜூன் வாக்கில்தான் திறக்கும்.

தீபாவளிக்கு உஸ்பெகிஸ்தான். வெயில் அடங்கி, இரவில் ஸ்வெட்டர் கேட்கும், சந்தையில் மாதுளையும் முலாம்பழமும் குவிந்திருக்கும். ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான நாற்பது நாளை அந்த ஊர்க்காரர்களே 'சில்லா' என்று தனியாகப் பெயர் வைத்து ஒதுக்குகிறார்கள். அப்போது 40 டிகிரி சர்வசாதாரணம், நமக்கே தாங்காது.

ஒரு எச்சரிக்கை. லாவோஸ் புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றும் ஒரே சமயத்தில் வரும். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காட்டையும் வயலையும் எரிக்கும் காலம். வடக்கு லாவோஸ் முழுக்கப் புகை, எதிர்மலை தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

போகும் வழி

கோவையிலிருந்து ஷார்ஜா போய் மாறினால் ஜார்ஜியாவின் திபிலிசியும் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கென்டும் எட்டும். லாவோஸுக்கு சிங்கப்பூர் அல்லது பாங்காக் வழி. இங்கே பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடுவதில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். தனி டிக்கெட் என்றால் பெட்டி இடையில் வெளியே வந்துவிடும். அதை எடுத்து மறுபடி போட இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும், பல நாடுகளில் அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். ஒரே பிஎன்ஆரில் கடைசி ஊர் வரை இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. பாங்காக்கில் இன்னொரு பொறி: சுவர்ணபூமி, டான் மியூயாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதாக இருந்தால் நகரத்து நெரிசலைக் கடக்க மூன்று மணி நேரமாவது தனியாக ஒதுக்க வேண்டும்.

நேரம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி, பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு இரவு ரயில். 2024 முதல் நேராகவே போகிறது.

விசாவில் உஸ்பெகிஸ்தான்தான் எளிது. இ-விசா, ஒரு முறை நுழைய 20 டாலர், சாதாரணமாக மூன்று வேலைநாளில் வந்துவிடும். போன பிறகு ஒவ்வொரு ஓட்டலும் உங்களைப் பதிவு செய்து தரும் சீட்டைக் கடைசி நாள் வரை பத்திரமாக வைத்திருங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். லாவோஸில் இறங்கியும் விசா வாங்கலாம், ஆனால் டாலர் நோட்டு மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஜார்ஜியாவில்தான் கவனம். இ-விசா கையில் இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். திரும்பும் டிக்கெட், எல்லா இரவுக்கும் ஓட்டல் புக்கிங், மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட் நான்கையும் அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். போனில் இருக்கிறது, சார்ஜ் இல்லை என்ற கதை அங்கே எடுபடாது. குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு செட்.

சாப்பாடு

கொங்கு நாட்டில் சைவம் மட்டும் சாப்பிடும் வீடுகள் நிறைய. கறி சாப்பிடும் வீட்டிலும் வெள்ளி, சனி, கிருத்திகை என்று நாள் பார்ப்பவர்கள் உண்டு. பெயர் பெற்றிருப்பதற்கு நேர்மாறாக, இந்த மூன்றில் சைவத்துக்கு முதலிடம் ஜார்ஜியாவுக்குத்தான். காரணம் அவர்களுடைய விரதம். அங்குள்ள கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும் ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் ஒதுக்குகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் 'சாமர்க்வோ'. இந்த ஒரு சொல்லை ஓட்டலில் சொன்னால் போதும். சிவப்பு பீன்ஸை வேகவைத்து மசித்த லோபியோ மண்சட்டியில் வரும், நம் தட்டப்பயறுக் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். கத்தரிக்காயை வதக்கி அக்ரூட் விழுதை உள்ளே வைத்துச் சுருட்டியது இன்னொன்று. பீன்ஸ் பொதிந்த ரொட்டி லோபியானி. அதில் 'ராச்சுலி' என்று முன்னால் போட்டிருந்தால் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

உஸ்பெகிஸ்தானில் ரொட்டியும் தக்காளி வெங்காய சாலட்டும் பழமும் எங்கும் கிடைக்கும், வேறெதுவும் நிச்சயமில்லை. 'கோஷ்ட்சிஸ்' என்றால் கறி இல்லாமல். அப்படிக் கேட்டால் பிலாவில் இருக்கும் ஆட்டுக்கறியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றை அப்படியே தருவார்கள். ஆட்டு வால்கொழுப்பில் வெந்த சோறு அது. சமோசா போன்ற பூசணிக்காய் சோம்சாவிலும் அந்தக் கொழுப்பைத் துண்டாகப் போடும் வழக்கம் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

லாவோஸில் கறியை விட மீன்சாறுதான் பிரச்சினை. பப்பாளிக்காய் சாலட்டில்கூட 'பாடேக்' என்ற நொதித்த மீன் கலவை இருக்கும். 'கின் ஜே' என்றால் முழுச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சந்தேகம் இருந்தால் 'போ சை பாடேக், போ சை நாம் பா' என்று சேர்த்துச் சொல்லுங்கள்: பாடேக் போடாதீங்க, மீன்சாறு ஊற்றாதீங்க. ஒட்டும் அரிசிச் சோறு மூங்கில் கூடையில் வரும். களி உருண்டை உருட்டிப் பழகிய கைக்கு அதைச் சாப்பிடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதற்காகப் போவது

ஜார்ஜியா என்றால் எல்லோர் கனவிலும் வருவது கெர்கெட்டி தேவாலயம். 2,170 மீட்டரில் தனியாக நிற்கும் கல்கட்டடம், பின்னால் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் காஸ்பெக் சிகரம். திபிலிசியிலிருந்து ஒருநாள் டூரில் போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்கு மேல் சேர்கிறார்கள். அதற்குள் பல நாட்களில் மேகம் மூடியிருக்கும், சிகரம் இல்லாத போட்டோவோடு திரும்புவார்கள். கீழே ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவில் (காஸ்பெகி ஊரின் இப்போதைய பெயர்) ஒரு இரவு தங்கி, விடிந்ததும் ஏறுவதுதான் சரி. சுமார் 430 மீட்டர் ஏற்றம். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது ஒன்றரை மணி நேர வேலை. முடியாதவர்களுக்கு மேலே வரை வண்டி போகிறது.

உஸ்பெகிஸ்தானில் சமர்கண்ட், புகாரா இரண்டையும் யாரும் விடப் போவதில்லை. தாஷ்கென்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியாப் ரயில் இரண்டே கால் மணி நேரத்துக்குள் போய்விடும். விற்பனை திறந்த கையோடு டிக்கெட் போடாவிட்டால் மெதுவான ரயில்தான். சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கத்திலுள்ள மூன்று மதரஸாக்களில் பழையது 1420இல் முடிந்தது. கட்டியவர் உலுக் பெக், 1018 விண்மீன்களைக் கணக்கெடுத்த அரசர்.

ஆனால் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு நாளை ஃபெர்கானா பள்ளத்தாக்கின் மர்கிலானுக்கு ஒதுக்க வேண்டும். அங்கே நெய்யும் இக்கத் துணிக்குப் பாவு நூலிலேயே டிசைன் ஏறிவிடுகிறது. பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, கரியால் கோடு போட்டு, சாயம் ஏறக்கூடாத இடங்களை இறுக்கிச் சுற்றிக் கட்டுகிறார்கள். வெளிர்நிறச் சாயம் முதலில், அடர்நிறம் கடைசியில். ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்ட வேண்டும். தறியில் ஏற்றும்போது நூல்கள் இம்மி நகரும், அதனால்தான் பூவின் ஓரம் மேகம் போல் கலைந்திருக்கும். பாவு, ஊடை இரண்டும் பட்டாக இருந்தால் அட்லஸ். பட்டுப் பாவில் பருத்தி ஊடை ஓடினால் அட்ராஸ். சந்தையில் பிரின்ட் போட்ட போலி ஏராளம். துணியைத் திருப்பிப் பாருங்கள்: அட்ராஸில் இரண்டு பக்கமும் டிசைன் ஒரே அழுத்தமாக இருக்கும், பிரின்ட்டில் பின்பக்கம் வெளுத்திருக்கும். பூவின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருந்தாலும் போலிதான். அகலம் குறைவு, ஒரு சுடிதாருக்கு எத்தனை மீட்டர் என்று நம் ஊர்க் கணக்கில் வாங்கினால் பத்தாது.

லாவோஸில் பெரும்பாலோர் வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ரயிலில் போய்த் திரும்புகிறார்கள். 2021 டிசம்பரில் திறந்த பாதை, இரண்டு மணி நேரம். ஸ்டேஷன் இரண்டும் ஊருக்கு வெளியே, சோதனையில் ஸ்பிரே டப்பாவையும் கத்தியையும் எடுத்துவிடுவார்கள். அதற்குத் தெற்கே பாக்ஸே பக்கம் இருக்கும் வாட் பூ நம்மவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கெமர் காலச் சிவன் கோயில் அது. பின்னாலுள்ள மலையுச்சிப் பாறை லிங்க வடிவில் இருப்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மலை ஊற்றைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் விழச் செய்தார்கள். இப்போது உள்ளே இருப்பது புத்தர். படிகள் செங்குத்து, உயரம் சீராக இருக்காது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிற்பது நல்லது. பழங்காலக் கல்ஜாடிகள் கிடக்கும் ஜாடிச் சமவெளி இருக்கும் சியெங் குவாங் பக்கம் போனால் குறியிட்ட பாதையை விட்டு ஒரு அடிகூட வைக்கக் கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணில் கிடக்கின்றன.

வயதானவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் உஸ்பெகிஸ்தான் மேல்: தரை சமம், ரயில் சொகுசு. ஆனால் மருந்துப் பையை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். சர்க்கரை வியாதியில் கால் எரிச்சலுக்கு நம் டாக்டர்கள் எழுதும் ப்ரீகாபலின், வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் உஸ்பெகிஸ்தானிலும் ஜார்ஜியாவிலும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. இங்கே மெடிக்கலில் சாதாரணமாக வாங்கும் மாத்திரைக்கு அங்கே வழக்கு வரலாம். மாற்று மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மருந்தின் மூலப்பெயர், அளவு, நோயாளி பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு வாங்கி, அந்த நாட்டு விதி எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்து, அட்டையை வெட்டாமல் பெட்டியோடு எடுத்துப் போங்கள்.