எஞ்சின் பில் இரண்டரை லட்சம்: கம்பெனியா, 1915-ஆ, நுகர்வோர் ஆணையமா?

வாரண்டி முடிந்து நான்கே மாதத்தில் டர்போவோ கியர்பாக்ஸோ போய்விடுகிறது; சர்வீஸ் சென்டர் இரண்டரை லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டுகிறது. இல்லையென்றால், வாரண்டி இருக்கும்போதே “இது கவர் ஆகாது சார்” என்று கைவிரிக்கிறார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு அப்போது நான்கு வழிகள் உண்டு: கார் கம்பெனியின் மண்டல அலுவலகம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், தண்ணீர் புகுந்த வண்டி என்றால் காப்பீடு. டீலர் என்ன காரணம் சொல்லி மறுக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காரணம் வாய்வார்த்தையாக நின்றுவிட்டால் நான்குமே வலுவிழக்கும்.

எந்த வழிக்கும் முன்னால்

எஞ்சினைப் பிரிக்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஸ்கேனர் ரிப்போர்ட்டை (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளின் பட்டியலை) பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். கோளாறு எண் மட்டும் போதாது. அது பதிவான நொடியில் எஞ்சின் சூடு, ஆர்பிஎம், வேகம் எவ்வளவு என்ற பதிவும் அதில் இருக்க வேண்டும். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்ற சோதனை) எடுத்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி, “கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்” என்ற வரியையும் சேருங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நின்று செல்போனில் வீடியோ எடுப்பது நல்லது. உடைந்த பாகம் ஸ்கிராப்பில் போய்விட்டால் பிறகு எந்த நிபுணராலும் எதையும் சொல்ல முடியாது. இந்த வகை வழக்குகள் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான். “கலப்பட டீசல்” என்றால், டேங்கிலிருந்து உங்கள் கண்முன்னே ஒரு லிட்டர் எடுத்து, இரண்டு பாட்டிலில் பிரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பங்க் பில்களும் தேவைப்படும். “தண்ணீர் புகுந்திருக்கிறது” என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியில் நீர்த்தடம், வளைந்த கனெக்டிங் ராட் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு), மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும் பிஸ்டன் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தடயங்கள் இல்லாமல் அப்படி எழுதினால் அது ஊகம்தான். “பராமரிப்பு சரியில்லை” என்றால் எந்த சர்வீஸ், எத்தனை கிலோமீட்டர் தள்ளிப்போனது, அதற்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏசி ஃபில்டரை மாற்றாததற்கும் கியர்பாக்ஸ் போனதற்கும் சம்பந்தமே இல்லை. கடற்கரை ஊர் என்பதால் ஒயரிங் கனெக்டர் பழுதை உப்புக்காற்றின் மேல் போடுவதும் உண்டு. வாரண்டி புத்தகத்தில் அந்த விலக்கு பெயின்ட்டுக்கா, எல்லா பாகத்துக்குமா என்று வாசித்துப் பாருங்கள்.

கம்பெனியிடம் நேரடியாகப் போவது

வாரண்டி சற்று முன்புதான் முடிந்திருக்கிறது, எல்லா சர்வீஸும் அதே கம்பெனி சென்டரில்தான் நடந்திருக்கிறது என்றால், வேகமான வழி இதுதான். ‘குட்வில்’ என்ற பெயரில் பாகங்களின் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்கும். லேபரை உங்கள் தலையிலோ டீலர் தலையிலோ வைக்கும். முடிவெடுப்பவர் பெரும்பாலும் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். கவுன்டரில் இருக்கும் அட்வைசரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் அதிகாரம் கிடையாது. சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், ஜாப் கார்டு எண், எஸ்டிமேட், சர்வீஸ் வரலாறு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, மூன்று கேள்விகள் கேளுங்கள்: பழுதின் மூலகாரணம் என்ன, வாரண்டியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள், இந்தப் பாகத்துக்கு ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெய்ன் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே வண்டிகளை அழைத்துச் சரிசெய்வது) உண்டா.

இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. பங்குத்தொகை தரும்போது “இத்துடன் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது” என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் போட்டுவிட்டால் பிறகு ஆணையத்தில் நிற்பது கடினம். பாதிக்கு மேல் கிடைத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். பத்து இருபது சதவீதத்துக்கு அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

1915

கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். புகார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போவதால், டீலர் மட்டத்தில் முடங்கிய கோப்பு நகரும். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் இதற்கு இல்லை. “வாரண்டி விதிப்படி மறுக்கப்பட்டது” என்று கம்பெனி பதில் போட்டுவிட்டால் புகார் முடிந்ததாகிவிடும். அந்தப் பதிலும் வீண் போகாது. மறுப்பு எழுத்தில் கிடைத்துவிட்டதே. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் இதில் பதிவு செய்துவிடுங்கள்.

மாவட்ட ஆணையம்

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 34-ம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர் புதுச்சேரி டீலரிடம் வண்டி விட்டிருந்தாலும் கடலூரிலேயே தாக்கல் செய்ய முடியும். டீலர் இருக்கும் இடம் என்ற வகையில் புதுச்சேரியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டில் எது? முதல் கட்ட அலைச்சலைப் பார்த்தால் சொந்த ஊர்தான். ஆனால் கம்பெனி மேல்முறையீடு செய்தால் கடலூர் வழக்கு சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரி வழக்கோ அங்கேயே உள்ள மாநில ஆணையத்துக்குப் போகும். தொகை பெரிது, எதிர்தரப்பு விடாது என்று தோன்றினால், கடலூர்க்காரரும் புதுச்சேரியைத் தேர்வு செய்வது நல்லது என்பது என் கருத்து. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். பணம் கொடுக்க உத்தரவாகியிருந்தால் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் கம்பெனி போக முடியும்.

கட்டணம் பயப்படும்படி இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இணையவழியில் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கும். அதற்குமேல் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வழக்கை மூன்று மாதத்தில், பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், ஆனால் யார்மேல் என்ன குற்றச்சாட்டு என்று பிரித்து எழுதுங்கள். டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது என்று 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. போல்ட் இறுக்காமல் விட்டது டீலர் மேல். பாகமே குறையுள்ளது என்பது கம்பெனி மேல். கேட்பதிலும் நிதானம் வேண்டும். புது வண்டி கேட்டால் உற்பத்திக் குறையை நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்கும் சுமை வரும்; வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றுவதற்குத்தான் என்று 2006-ல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எதிர்தரப்பு எடுத்துக்காட்டும். பில் தொகை, வட்டி, வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு என்று கேட்பது உறுதியான வழி.

காலக்கெடு இரண்டு ஆண்டு. கம்பெனியோடு மின்னஞ்சல் போய்க்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. “மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். டாக்சியாக ஓடும் வண்டி என்றால், அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று மனுவிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் வணிகப் பயன்பாடு என்று தள்ளிவிடுவார்கள்.

தண்ணீர் என்றால் காப்பீடு

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலைப் போல ஊரே மூழ்கிய நாளில் வண்டி நின்றிருந்தால், வாரண்டியோடு மல்லுக்கட்டாமல் பாலிசியை எடுங்கள். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) இருக்கிறதா பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வருவதற்கு முன் பிரிக்க விடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியிடம்) போகலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன, கட்டணம் இல்லை. அதே விஷயம் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மழையே இல்லாத மாதத்தில் டீலர் “தண்ணீர், இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்” என்று யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். கிளெய்ம் படிவத்தில் தண்ணீர் என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு உற்பத்திக் குறை என்று வாதாட முடியாது.

வழக்கு நடக்கும்போது வண்டி?

வேலை முடிந்த வண்டியைக் கூலி கட்டும்வரை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ம் பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. எனவே பணம் கட்டி எடுப்பதே நல்லது. ஆனால் பில்லிலும் திருப்திச் சீட்டிலும் “எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன், உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப் பட்டறையில் சரிசெய்வதாக இருந்தால், டீலருக்கும் கம்பெனிக்கும் ஏழு நாள் முன்பே கடிதம் போட்டு, எந்தத் தேதியில் பிரிக்கப் போகிறோம், வந்து பார்க்கலாம் என்று அழையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்களுக்குச் சாட்சி. பழைய பாகங்களைப் பாகஎண் தெரியும்படி படமெடுத்து, மெக்கானிக் கையெழுத்தோடு பெட்டியில் சீல் வைத்து, வழக்கு முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள்.