சேலத்து ரோட்டுக்கு எந்த சைக்கிள் பூட்டு? ஒரு லேத் பட்டறைக்காரனின் தீர்ப்பு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்துக்குள் சைக்கிள் ஓட்டுகிறீர்கள், அவ்வப்போது ஏற்காடும் ஏறுகிறீர்கள் என்றால் சங்கிலிப் பூட்டு வாங்குங்கள். யூ-லாக், அதாவது U எழுத்து மாதிரி வளைந்த தடிக் கம்பிப் பூட்டு, அதைவிடக் கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அதை எதில் மாட்டுவீர்கள்?

பூட்டு பற்றி வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்கள். அவர்கள் ஊரில் சைக்கிள் கட்டுவதற்கென்றே வளைந்த இரும்புக் குழாயைத் தரையில் நட்டு வைத்திருப்பார்கள். யூ-லாக் அந்தக் குழாய்க்கு அளவெடுத்துச் செய்தது. நமக்கு ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் கிடைப்பது சிமென்ட் ஈபி கம்பம், கடை ஓரத்து கிரில், வேப்பமரம். என் யூ-லாக்கின் உள்வாய் 11 சென்டிமீட்டர் அகலம். சைக்கிள் ஃபிரேமையும் வைத்து சிமென்ட் கம்பத்தையும் சுற்ற அதற்கு வழியே இல்லை. ஏற்காட்டில் இன்னும் மோசம். ஏரிப் பக்கம் வேலிக் கம்பி ஏதாவது கிடைக்கும். கொஞ்சம் உள்ளே எஸ்டேட் பக்கம் போனால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம்தான். யூ-லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், பிரதட்சணம்தான் மிச்சம்.

அதனால் யூ-லாக் இப்போது வீட்டில் மாடிப்படி கைப்பிடியோடு நிரந்தரமாகக் கிடக்கிறது. ராத்திரி சைக்கிளை அதில் பூட்டுகிறேன். ரோட்டுக்கு வருவது சங்கிலி.

சங்கிலி வாங்கியது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில். சைக்கிள் கடையில் அல்ல. சைக்கிள் கடைகளில் நான் பார்த்ததெல்லாம் கலர் கலராக பிளாஸ்டிக் சுற்றிய கேபிள் லாக். பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே மெல்லிய கம்பி முறுக்கு. எங்கள் பட்டறையில் ஹேக்சா பிளேடைக்கூட எடுக்க வேண்டாம், நல்ல கட்டிங் பிளேயர் வைத்து நாலைந்து நிமிடம் நோண்டினால் போதும். முன் சக்கரத்தையோ ஹெல்மெட்டையோ சேர்த்துக் கட்ட அது உதவும். சைக்கிளைக் காப்பாற்ற உதவாது.

ஹார்டுவேர் கடைக்குப் போகும்போது பையில் சின்ன அரம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அண்ணாச்சி பார்த்ததும் பதறிவிட்டார்.

"தம்பி, அரம் போட்டுப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டீங்கன்னா இத நான் யாருக்கு விக்கிறது?"

"கடைசிக் கண்ணியில மட்டும் ஒரு இழுப்பு இழுக்கிறேங்கண்ணா. கீறல் விழுந்தா நானே வாங்கிக்கிறேன்."

"கீறல் விழுந்தா வாங்குறீங்களா? விழலன்னா?"

"விழலன்னா சந்தோஷமா வாங்குறேன்."

முதலில் அவர் காட்டிய சங்கிலி சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் வளைத்து வெல்டு வைத்தது, கிலோ கணக்கில் விற்பது. அரம் பட்டதும் பல் கடித்துப் பொடி உதிர்ந்தது. மாட்டைக் கட்டலாம். அடுத்தது சதுர வெட்டுக் கண்ணி, 8 மில்லிமீட்டர் தடிமன், மேலே நைலான் துணி உறை. உறையைத் தள்ளிவிட்டு அரத்தை வைத்தேன். கண்ணாடி மேல் தேய்த்தது போல் வழுக்கிக்கொண்டு போனது. கீச்சென்ற சத்தம் மட்டும்தான், கண்ணியில் ஒரு பளபளப்புக் கோடு, அவ்வளவே. அரத்தின் பல்தான் மழுங்கியது. ஹார்டனிங் செய்த இரும்பு என்றால் இப்படித்தான் இருக்கும். அரம் என்பதே நன்கு கடினப்படுத்திய ஸ்டீல். அது கடிக்காத பரப்பை ஹேக்சா பிளேடும் கடிக்காது. நல்ல சங்கிலியில் மேல்தோலை மட்டும் அதிகமாக ஹார்டன் செய்து உள்ளே கொஞ்சம் இளக்கமாக விட்டிருப்பார்கள். மொத்தமும் கடினமாகிவிட்டால் சுத்தியல் அடிக்கே பளிச்சென்று உடைந்துவிடும்.

அந்த 8 மில்லியைத்தான் வாங்கினேன். 10 மில்லியும் இருந்தது, கையில் தூக்கிப் பார்த்ததோடு சரி. 20 கொண்டை ஊசி வளைவை ஏறப்போகிறவன் அந்தப் பாரத்தையும் சேர்த்து ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மோட்டார் சைக்கிளுக்கு 10 மில்லியே வாங்குங்கள், வண்டிதானே சுமக்கிறது. நீளம் ஒரு மீட்டருக்குக் குறையவே கூடாது. 120 சென்டிமீட்டர் என்றால் வேப்பமரமும் வசப்படும். விலை பேரம் போக 950 ரூபாய்.

இனி உண்மை நிலவரம். பெரிய போல்ட் கட்டர் வைத்திருப்பவன் 8 மில்லியை மல்லுக்கட்டி வெட்டிவிடுவான். ஏஜி-4 மிஷின் (இரும்பு அறுக்கும் கை கிரைண்டர்), அதுவும் பேட்டரியில் ஓடுவது கையில் இருந்தால் யூ-லாக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான். பொறி பறக்கும், சத்தம் தெருவுக்கே கேட்கும். ஆக, பூட்டு செய்கிற வேலை திருடனுக்கு நேரத்தையும் சத்தத்தையும் கூட்டுவது. பகலில் ஆள் நடமாடும் டீக்கடை வாசலில் இதுவே பெரிய காவல். ராத்திரி முழுக்கப் பாலத்தடியில் விட்டுவிட்டு வந்தால் எந்தப் பூட்டும் தாங்காது.

பூட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சங்கிலியைத் தரையில் கிடக்க விடாதீர்கள். தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் மொத்த உடம்பு எடையையும் போட்டு அழுத்தலாம். அதே சங்கிலி இடுப்பு உயரத்தில் இறுக்கமாக இருந்தால் கை பலம் மட்டும்தான். அதனால் நீளம் மிஞ்சினால் கம்பத்தில் இன்னொரு சுற்று சுற்றி, தொங்கல் இல்லாமல் பூட்டுங்கள். எதைச் சுற்றுவது? முன் சக்கரத்தையும் கம்பத்தையும் மட்டும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கியர் சைக்கிளில் அது குயிக் ரிலீஸ் சக்கரம். நெம்புகோலைத் திருப்பி சக்கரத்தை அங்கேயே விட்டுவிட்டு மீதி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். பின் சக்கரமும் ஃபிரேமும் சேர்ந்து மாட்டவேண்டும். ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் ரிம்மை மட்டும் கம்பத்தோடு பூட்டினாலே போதும், சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வராது, ஃபிரேமும் தானாகப் பூட்டப்பட்டதாகிவிடும். சின்ன யூ-லாக் வைத்திருப்பவர்களுக்கு அருமையான யோசனை. சங்கிலியில் நீளம் இருக்கிறதே, நான் இரண்டையும் சேர்த்தே கோத்துவிடுகிறேன். முன் சக்கரக் குயிக் ரிலீஸைக் கழற்றிவிட்டு ஆலன் கீ போட்டுத் திருகும் அச்சு மாட்டியாயிற்று.

கம்பத்தையும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். நோ பார்க்கிங் போர்டுக் கம்பம் சில இடங்களில் வெறும் மண்ணில் சொருகியது, பிடுங்கினால் வந்துவிடும். உயரம் குறைந்த கம்பம் என்றால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி உருவிவிடுவார்கள். இரும்பு ஈபி கம்பத்தில் மட்டும் மழைக்காலத்தில் கட்டவே வேண்டாம், திருடனைவிட கரண்ட் மோசம்.

சாவி துவாரத்தைப் பார்த்து வாங்குங்கள். வட்டக் குழாய் மாதிரி சாவி வரும் பூட்டு இன்னும் கடைகளில் தொங்குகிறது. 2004-இல் அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனத்தின் அந்த வகைப் பூட்டை சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயைச் சொருகித் திருகியே திறந்து காட்டினார்கள். கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மலிவுப் பூட்டுகளில் அந்தச் சாவி இன்னும் ஒழியவில்லை. மலிவான நம்பர் பூட்டும் அப்படியே. இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களை ஒவ்வொன்றாக உருட்டினால் எந்த எண்ணில் சிக்குகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். அட்டையில் 'பாதுகாப்பு 10-க்கு 8' என்று அச்சடித்திருப்பார்கள், அது அந்தக் கம்பெனி தனக்குத்தானே போட்டுக்கொண்ட மார்க். வெளியாள் சோதித்துக் கொடுக்கும் தரம் என்றால் பிரிட்டனின் சோல்ட் செக்யூர். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று படி வைத்திருக்கிறார்கள்.

பின் சக்கரத்தோடு வரும் பழைய ரிங் பூட்டையும் கழற்றிவிடாதீர்கள். அரசு கொடுக்கும் சைக்கிளிலும் இருக்குமே, அதுதான். ஒரு வண்டிச் சாவி இன்னொரு வண்டிக்குப் பொருந்துவதைப் பள்ளிக்கூட ஸ்டாண்டில் படித்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் பேக்கரியில் பப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும் நேரத்துக்கு, ஏறி மிதித்துக்கொண்டு ஓடுகிறவனை அது தடுக்கும்.

மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. "சைடு லாக் போட்டிருக்கேன் மாமா, போதும்" என்பான் என் மச்சான். சைடு லாக் என்பது உள்ளே ஒரு சின்னப் பின். ஹேண்டில்பாரில் காலை வைத்து வேகமாக ஒரு தள்ளு தள்ளினால் முறிந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் அந்த டிஸ்க்கிலேயே மாட்டும் டிஸ்க் லாக் போடலாம், அதோடு ஹேண்டில் வரை வரும் மஞ்சள் நினைவூட்டும் கேபிளையும் மாட்டுங்கள். மறந்துபோய் வண்டியை எடுத்தால் பூட்டு பிரேக் காலிப்பரில் மோதி, செலவு திருடன் வைப்பதைவிட அதிகமாகிவிடும்.

என் சங்கிலியில் குறை இல்லாமல் இல்லை. நைலான் உறை ஏற்காட்டுப் பனியில் நனைந்தால் லேசில் காய்வதில்லை, வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஊறின நாற்றம். பூட்டுத் தலைக்கு ரப்பர் மூடி கிடையாது. துவாரம் கீழே பார்க்கும்படி பூட்டினால்தான் மழைத் தண்ணீர் உள்ளே போகாது. எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். கிராஃபைட் பொடி போதும். மேலிருந்து இறங்கும்போது சங்கிலியைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வரும் பையன்களைப் பார்க்கிறேன். வளைவில் விழுந்தால் அது முதுகெலும்பிலோ விலா எலும்பிலோதான் இறங்கும். சீட்டுக்கு அடியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். வாங்கும் அன்றைக்கே இரண்டாவது சாவியை வீட்டில் வைத்துவிட்டு, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் புகார் எழுதும்போது 'கறுப்பு கலர் கியர் சைக்கிள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கிடைத்த சைக்கிள் உங்களுடையதுதான் என்று காட்ட வேறு வழி இருக்காது.