கே.கே.நகர் வக்கீல் ஆபீஸ்: பீஸ் கணக்கு தெளிவாக இருக்கிற இடம்

எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கை இப்போது மதுரை கே.கே.நகரில் இருக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ்தான் நடத்துகிறது. வக்கீல்கள் விளம்பரம் தேடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் பணத்தையும் வேலையையும் வைத்துக்கொள்கிற முறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே பீஸ் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழக்குக் கட்டை (ஆவணங்களை) வாங்கிப் படிப்பதற்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு, அப்புறம் கோர்ட் பீஸ், ஜெராக்ஸ், தபால் எல்லாம் தனிக்கணக்கு, ரசீதோடு. முன்பு இருந்த வக்கீலிடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தா கையில் காசு கொடுப்போம், எதற்கு என்று கேட்டால் "செலவு இருக்குண்ணே" என்பதோடு முடிந்துவிடும். வாய்தாவுக்கு வாய்தா காசு என்றால் வழக்கு இழுக்க இழுக்க ஆபீசுக்கு வருமானம். கட்டத்துக்குக் கட்டம் என்றால் வழக்கு நகர்ந்தால்தான் அடுத்த பணம் வரும். எங்கள் வழக்கு நகர ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

"ஜெயித்தால் நிலத்தில் ஒரு பங்கு தருகிறோம்" என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். சீனியர் உடனே மறுத்துவிட்டார். தீர்ப்பைப் பொறுத்துப் பீஸ் பேசுவதற்கும் விதியில் இடமில்லை. இன்னொன்று, வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பீஸ் தகராறு வந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. எழுத்தில் வாங்குவது அவ்வளவு முக்கியம்.

பீஸ் மற்ற இடங்களைவிட அதிகம்தான். ஏன் என்று கேட்டதற்கு, ஜூனியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதாகச் சொன்னார்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். பஸ் காசுக்கே வழியில்லாத ஜூனியர் கொஞ்ச நாளில் வேறு ஆபீஸ் தேடிப் போய்விடுவார், அவரோடு நம் வழக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் போய்விடும், புதிதாக வருகிறவருக்கு நாமே முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இங்கே எங்கள் கட்டைப் பார்க்கிற பெண் வக்கீல் ஆரம்பத்திலிருந்து அவரேதான். எந்தப் பட்டாவில் எந்த சர்வே நம்பர் தப்பாக ஏறியிருக்கிறது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வாய்தா முடிந்த அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடுகிறது, வழக்கின் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர் எண்ணும் கொடுத்திருப்பதால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. சீனியருக்கு உலகநேரியில் ஹைகோர்ட் கிளையிலும் வழக்குகள் இருக்கின்றன. அங்கே ஒரு வழக்கு நீண்டுவிட்டால் இங்கே எங்கள் குறுக்கு விசாரணை தள்ளிப்போகிறது, இப்படி ஒரு தடவைக்கு மேல் நடந்துவிட்டது. குறுக்கு விசாரணைக்கும் துணிந்து நிற்கிற இன்னொரு அனுபவசாலி அந்த ஆபீசுக்கு அவசியம் வேண்டும்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து சின்ன நிலத்துக்காக வருகிறவர்களுக்கு இந்தப் பீஸ் பாரம்தான். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், மற்றவர்களில் பலருக்கு வருமானத்தைப் பொறுத்து. முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.