இர்ரி சூப்பர் பேக்: விதைநெல்லுக்கு நம்பி வாங்கலாம்

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் 1960-ல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் (இர்ரி) என்றதும் ஐஆர்8 ரகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆசியச் சிறு விவசாயியின் வீட்டு மூலைக்கே போய்ச் சேர்ந்த பொருள் இந்த 50 கிலோ காற்றுப்புகாப் பைதான்.

வழக்கமான சாக்குக்குள் உள்உறையாகப் போட வேண்டும். உள்ளே நெல்லும் பூச்சியும் சுவாசிக்கச் சுவாசிக்க, 21 சதவீத ஆக்ஸிஜன் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. பெரும்பாலும் 10 நாளில் வண்டும் அந்தும் மடிந்துவிடும். மருந்தே வேண்டாம். 6 மாதம் தாங்கும் முளைப்புத்திறன் 12 மாதம் வரை நீள்கிறது.

கெடுவது எங்கே? பெரும்பாலும் ஈரத்தில்தான். சாப்பாட்டு நெல் 14 சதவீதத்துக்குள், விதைநெல் 12 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும்; ஈரமாகக் கட்டினால் பூஞ்சணம் பிடித்து முளைப்பே போய்விடும். பல்லில் கடித்துப் பார்ப்பதை நம்பாதீர்கள், ஈரமானி வையுங்கள். வெயிலில் காய்ந்த சூட்டோடு அடைக்காமல் ஆறவிடுங்கள்.

கட்டும்போது காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி, மடக்கி, ரப்பர் வளையம் போடுங்கள். கொக்கி போட்டுத் தூக்கவே கூடாது. எலி கடித்த ஒரு சின்ன ஓட்டை போதும், பை வெறும் பிளாஸ்டிக்தான். அடிக்கடி திறந்தாலும் ஆக்ஸிஜன் திரும்பப் புகுந்துவிடும். அதனால் அன்றாட அரிசிக்கு இது சரிப்படாது.