ஹூண்டாய் ஐ20 என்-லைன்: பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

வெளிநாடுகளில் விற்ற ஐ20 ‘என்’ வேறு, நம் ஷோரூமில் நிற்கும் ‘என்-லைன்’ வேறு. அதில் இருந்தது 1.6 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின்), 204 பி.எஸ். (குதிரைத்திறன்). இதில் இருப்பது 998 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ, 120 பி.எஸ். பெயரை நம்பி அந்த வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் இருந்தால்தான் வரி குறையும். 3,995 மி.மீ. நீளத்துக்கும் இந்தச் சின்ன இன்ஜினுக்கும் காரணம் அதுதான்.

ஆனால் இது சுறுசுறுப்பான இன்ஜின். 172 என்.எம். டார்க் (சுழற்றும் விசை) 1,500 ஆர்.பி.எம்.மிலேயே வந்து 4,000 வரை நிற்கிறது. சாதாரண ஐ20-ன் 1.2 லிட்டர் இன்ஜினில் 115 என்.எம்.தான், அதுவும் 4,200-ல். நான்கு பேர், லக்கேஜ், ஏ.சி. என்று போகும்போது லாரியை முந்த 1.2-ல் இரண்டு கியர் இறக்க வேண்டிய இடத்தில், இதில் ஒன்று இறக்கினாலே போதும். 1,500-க்குக் கீழேதான் சோர்வு. ஸ்பீடு பிரேக்கரில் ஊர்ந்து ஏறியபின் இரண்டாவது கியரிலேயே மிதித்தால் இன்ஜின் திணறும், அதிரும். தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள். 2023 ஃபேஸ்லிஃப்ட்டில் (தோற்றப் புதுப்பிப்பில்) சாதாரண ஐ20-லிருந்து டர்போவை எடுத்துவிட்டார்கள், எனவே டர்போ வேண்டுமென்றால் என்-லைன்தான்.

கியர்பாக்ஸ் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். 6 ஸ்பீடு மேனுவல், 7 ஸ்பீடு டி.சி.டி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்று இரண்டு உண்டு. நெடுஞ்சாலையில் டி.சி.டி. அருமை: ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள பேடில் ஷிஃப்டரைத் தட்டினால் உடனே கியர் மாறும். நெரிசலில் கதை வேறு. இது டிரை கிளட்ச் வகை, கிளட்ச் தட்டுகளைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. அங்குலம் அங்குலமாக நகரும்போது கார் தானாகவே ‘ஹாஃப் கிளட்ச்’சில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறும், நகர்வு வெட்டி வெட்டி வரும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு ஒரே மூச்சில் நகர்த்தினால் சூடு குறையும். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்தி வைக்கவே கூடாது, பிரேக்தான் பிடிக்க வேண்டும். செங்குத்தான ராம்பில் ரிவர்ஸ் எடுத்து பார்க் செய்யும் வீடு என்றால் மேனுவலே நல்லது. பாதிக்கு மேல் நகர ஓட்டம் என்றால் நான் டி.சி.டி.யைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். பேட்ஜைவிட இவற்றுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கலாம். 100 கி.மீ. வேகத்தில் மேம்பால இணைப்பைக் கடக்கும்போது கார் ஒருமுறை அமுங்கி உடனே நிலைகொள்கிறது. அதே இறுக்கம் 30 கி.மீ. வேகத்தில் குண்டும் குழியுமான தெருவில் முதுகில் தெரியும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) என்பதால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் அதிர்வு மறுபக்கத்துக்கும் போகும். இதை ஓட்டுபவரைவிடப் பின்சீட்டில் இருப்பவரே அதிகம் உணர்வார்.

டயர் 195/55 ஆர்16: அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். பக்கச்சுவர் உயரம் சுமார் 107 மி.மீ., 185/65 ஆர்15 அளவு டயரில் 120. இந்த 13 மி.மீ. குறைவால் கூர்மையான பள்ளங்களில் ரிம் அடிவாங்க வாய்ப்பு அதிகம். 205/55-க்கு மாறினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆனால் மொத்த விட்டம் 11 மி.மீ. கூடி ஸ்பீடோமீட்டர் கணக்கு தவறும், ஸ்டீயரிங்கும் கனக்கும். வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

குடும்பத்துக்கு எப்படி? 2,580 மி.மீ. வீல்பேஸ் இருப்பதால் பின்னால் கால் இடம் தாராளம். இரண்டு பெரியவர்கள், நடுவில் ஒரு குழந்தை சுகமாகப் போகலாம். கறுப்பு இன்டீரியரும் பின்பக்கம் மேலேறும் ஜன்னல் கோடும் சேர்ந்து பின்சீட்டை இருட்டாக்குகின்றன, குட்டிப் பிள்ளைகளுக்கு வெளியே சரியாகத் தெரியாது. ஆறு ஏர்பேக், எல்லா இருக்கைக்கும் மூன்று முனை சீட் பெல்ட் உண்டு. 311 லிட்டர் பூட்டில் (டிக்கியில்) நடுத்தர சூட்கேஸ் இரண்டும் கைப்பைகளும் போகும். குழந்தைத் தள்ளுவண்டி இருந்தால் ஷோரூமுக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

டேங்க் 37 லிட்டர்தான். லிட்டருக்கு 12 கி.மீ. கிடைத்தால் 440 கி.மீ.யில் வறண்டுவிடும். டர்போ பெட்ரோலில் மைலேஜ் முழுக்க வலது காலின் கையில்.

பராமரிப்பில் ஆயில்தான் உயிர். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். தினமும் மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓட்டினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, ஆயிலில் பெட்ரோல் கலக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போய், காற்று நுழையும் இன்டேக் வால்வைக் கழுவாததால் அங்கே கரியும் படியும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டி வந்தபின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். நான்கு பேரை ஏற்றி, உங்கள் தெருவிலேயே பெரிய ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குங்கள். திரும்பும் வழியில் வேறொருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.